செல்போன் வந்தால் ஏழை நாடு முன்னேறிவிடுமா?

வளரும் நாடுகளின் சமூக, பொருளாதார முன்னேற்றத்தில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கு நிஜமாகவே பங்கு இருக்கிறதா, இல்லை அறிக்கைகளிலும் கம்பெனி விளம்பரங்களிலும் மட்டும் வரும் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். பொத்தாம்பொதுவாக இல்லாமல் உதாரணத்தோடு சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பங்கு இருக்கிறது. சில இடங்களில் அதை ரூபாய்க் கணக்கில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஓர் ஊரில் வருமானத்தை உயர்த்திய அதே கருவி இன்னோர் ஊரில் மூலையில் தூசி படிந்து கிடந்ததும் உண்டு. எனக்குத் தெரிந்தவரை இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். செய்தி கைக்கு வந்த பிறகு, அதை வைத்து வேறு மாதிரி நடந்துகொள்ள அந்த மனிதருக்கு வழி இருந்ததா? வேறு சந்தைக்குப் போக முடிந்ததா? வேறு ஆளிடம் விற்க முடிந்ததா? இயந்திரம் 'இல்லை' என்று சொன்னால் எதிர்த்துக் கேட்க ஓர் ஆள் இருந்தாரா? இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உதாரணங்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே எடுக்கிறேன்.

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்வது வட கேரளத்து மத்தி மீன் கதை. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 1996 முதல் 2001 வரை கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களின் கடற்கரைச் சந்தைகளில் வாரம்தோறும் விலையைக் குறித்துவந்தார். 1997 ஜனவரி 14 அன்று காலை அவர் பதிவு செய்த ஒரு நிலவரம் இது. வடகரையில் 11 படகுக்காரர்கள் மீனோடு கரைக்கு வந்துவிட்டார்கள், வாங்க ஆளில்லை. மீன் வீணாகப் போகிற நிலை. அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருக்கிற சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

இவர்கள் யாருக்கும் வியாபாரம் தெரியாமல் இல்லை. காலைச் சந்தை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கடலில் இருக்கும்போது எந்தக் கரையில் என்ன விலை என்று தெரியாது. 'அடுத்த கரைக்குப் போய்ப் பார்க்கலாம்' என்று படகைத் திருப்பினால் எரிபொருள் செலவு, அங்கேயும் விலை விழுந்திருந்தால் இரட்டை நஷ்டம். அதனால் அவரவர் தங்கள் ஊர்க் கரையிலேயே இறக்கினார்கள்.

1997 ஜனவரியில் கோழிக்கோட்டிலும், 1998 ஜூலையில் கண்ணூரிலும், 2000 மே மாதம் காசர்கோட்டிலும் செல்போன் சேவை வந்தது. கோபுரங்கள் கடலோர நகரங்களில் இருந்ததால் 20, 25 கிலோமீட்டர் வரை கடலுக்குள்ளும் சிக்னல் எட்டியது. படகிலிருந்தே நாலு கரைக்குப் போன் போட்டு, விலை கேட்டு, எங்கே லாபமோ அங்கே படகை விட்டார்கள். அதற்கு முன் தினமும் 5 முதல் 8 சதவீதம் மீன் வீணாகிக்கொண்டிருந்தது. அது அநேகமாக நின்றே போனது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம் என்று இரண்டு பக்கமும் நடப்பது அபூர்வம். வீணாகப் போனது மிச்சமானதால் இது நடந்தது.

மூன்று மாவட்டங்களுக்கும் சேவை வேறு வேறு காலத்தில் வந்ததால், போன் வந்ததும் விலை சீராவதையும், இன்னும் வராத இடத்தில் பழைய ஏற்ற இறக்கமே தொடர்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. இந்த ஆய்வுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

சரி, அப்படியானால் எல்லா விவசாயிக்கும் மீனவருக்கும் விலை சொல்லிவிட்டால் போதுமே? அங்கேதான் இடிக்கிறது. மகாராஷ்டிரத்தில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் சந்தை விலை, வானிலை, பயிர்க் குறிப்புகளை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் சேவை ஒன்றை நடத்தியது. மார்செல் ஃபாஃப்சாம்ப்ஸ், பார்ட் மின்டன் என்ற இருவர் 100 கிராமங்களில் அதைச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சந்தா பெற்ற விவசாயிகளுக்கும் பெறாதவர்களுக்கும் கிடைத்த விலையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

என் கணிப்பைச் சொல்கிறேன். மத்தி பிடித்தவருக்குப் படகு இருந்தது, கரைகள் வரிசையாக இருந்தன, திருப்பினால் போதும். விவசாயிக்கு அப்படி இல்லை. விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்தவரே கமிஷன் மண்டிக்காரராகவும் இருப்பார். விளைந்ததை அவரிடம் போடவேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். பக்கத்து மண்டியில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதல் என்று போனில் வந்தால், அதைப் படித்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். மீன்பிடியிலும் இதே கட்டு உண்டு. படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவர்தான் ஏலம் போடுவார் என்கிற கரைகளில் போனால் வரும் லாபம் சுருங்கிவிடும். கேரளத்து ஆய்வை அப்படியே தூக்கி எல்லா ஊருக்கும் ஒட்டக்கூடாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னதும் இதனால்தான்.

இதற்கு நேர் எதிரில் மத்தியப் பிரதேசத்தை வைத்துப் பாருங்கள். ஐடிசி நிறுவனம் 2000இல் 'இ-சௌபால்' என்று கிராமங்களில் கணினி மையங்களை வைத்தது. சோயாபீன் விலையைத் திரையில் பார்க்கலாம், அதோடு விருப்பமிருந்தால் மண்டிக்குப் போகாமல் நேராக ஐடிசியிடமே விற்கலாம். அபர்ணா கோயல் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, மையங்கள் வந்த மாவட்டங்களில் மண்டி விலையே 1 முதல் 3 சதவீதம் உயர்ந்தது. ஐடிசியிடம் விற்காதவர்களுக்கும் பலன் கிடைத்தது. வாங்க இன்னோர் ஆள் வந்துவிட்டதால் மண்டி வியாபாரி இறங்கி வந்தார். மகாராஷ்டிரத்தில் விலை மட்டும் வந்தது. இங்கே விலையோடு வாங்குகிற ஆளும் வந்தார்.

கொஞ்சம் பின்னால் போவோம். இந்தியாவில் சாதாரண மக்களிடம் தொலைபேசியைக் கொண்டுசேர்த்தது செல்போன் அல்ல, மஞ்சள் பலகை மாட்டிய எஸ்டிடி பூத். வீட்டுக்குப் போன் வாங்க வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1984இல் தொலைத்தொடர்பு நிபுணர் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் தொடங்கிய அரசு ஆய்வு மையமான சி-டாட், ஏசி அறை இல்லாமலே தூசியிலும் வெயிலிலும் ஓடக்கூடிய சிறு கிராம எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கியது. அதன் மேல் பூத்துகள் வந்தன. கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பேசி முடித்ததும் பில். இரவு ஏற ஏறக் கட்டணம் பாதி, கால் என்று குறையும், அதற்காகவே வெளியே ஒரு வரிசை நிற்கும். வீட்டுக்கு வீடு போன் கொடுக்க முடியாத ஒரு நாடு, தெருவுக்கு ஒரு போனும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் போதும் என்று முடிவு செய்தது பெரிய விஷயம். பல பூத்துகள் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிழைப்பாகவும் இருந்தன.

செல்போன் 1995இல் வந்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது, வருகிற அழைப்புக்கும் காசு. 2003இல் வருகிற அழைப்பு இலவசமானதும்தான் கொத்தனாரும் ஆட்டோக்காரரும் போன் வாங்கினார்கள். அப்புறம் மிஸ்டு கால். 'வந்துட்டேன்' என்பதற்கு ஒரு ரிங், 'திரும்பக் கூப்பிடு' என்பதற்கு இரண்டு. ஒரு பைசா செலவில்லாமல் ஒரு நாடே பேசிக்கொண்டது! விலை இறங்காமல் இந்தப் பரவல் எதுவும் நடந்திருக்காது. 2016இல் டேட்டா விலை சரிந்தபோதும் இதே கதைதான்.

நம் பக்கத்து உதாரணம் இல்லாமல் எப்படி? இரண்டு சொல்கிறேன், ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது.

2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் கிராமத்துக்குக் கிராமம் இணைய மையங்கள் திறந்தார்கள். சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா இணைப்பு. தொழில்நுட்பம் சோடையில்லை, காசும் குறைவு. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைப் படமெடுத்து அனுப்பினார்கள். ஜாதகம் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார்கள். முக்கியமாக, வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மேலூர் தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறாமல் மையத்திலிருந்தே மனு அனுப்பலாம் என்றார்கள். கூட்டம் வந்தது.

இதை முன்னின்று நடத்திய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அதில் அக்கறை இல்லை. மின்னஞ்சலில் வந்த மனு அப்படியே கிடந்தது. நேரில் போனவருக்கு வேலை நடந்தது. ஜனங்கள் என்ன முட்டாள்களா? மறுபடி பஸ் ஏறினார்கள். மையம் நடத்தியவர்களுக்குக் கடன் கட்ட வருமானமில்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் ஆகியோர் இதைப் பின்னால் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மனு போகிற வழி மட்டும் மின்னணு, மேஜையில் அதை எடுத்துப் பார்க்கிறவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை என்றால் இப்படித்தான் முடியும். இன்றைய இ-சேவை மையங்கள் நிலைத்து நிற்பதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. இப்போது பல சான்றுகளை இணையம் வழியாக மட்டுமே வாங்க முடியும், தாலுகா ஆபீசிலும் அதே திரையைத்தான் பார்க்கிறார்கள்.

ஜெயித்தது புதுச்சேரியில். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே யாருக்கும் இணையத்தில் உலாவத் தேவையில்லை, நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் என்று தெரிந்தால் போதும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்தக் கணிப்பு கிடைத்தது. அதை எடுத்துத் தமிழில் மாற்றி, ஊர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் கேட்டது.

அப்படி மையம் இருந்த இன்னொரு கிராமம் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் ஏற்கெனவே வித்தியாசமாக இருப்பதாக வீட்டில் சொன்னார்கள், உடனே ஊரைக் காலி பண்ணச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. ஊரில் இருந்த சுமார் 3,600 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. இதில் கணினிக்குப் பங்கே இல்லையே என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான், ஒரு போனும் ஒரு குழாய் ஸ்பீக்கரும்தான். ஆனால் அந்த ஸ்பீக்கரை அங்கே கட்டியது அந்தத் திட்டம். அதிலிருந்து வரும் சொல்லை நம்பலாம் என்று ஊருக்குப் பல வருஷப் பழக்கமும் இருந்தது.

பணப் பரிமாற்றத்துக்கு வருவோம், தொழில்நுட்பம் ஏழைகளுக்கு அதிகம் கொடுத்ததும் அதிகம் பறித்ததும் இங்கேதான்.

கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசாவைத் தொடங்கியது. வங்கிக் கணக்கு வேண்டாம், சாதாரண போன் போதும். தெருமுனைக் கடைக்காரரே ஏஜென்ட், அவரிடம் காசைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸாக மாறி ஊருக்குப் போகும், அங்கே இன்னொரு கடைக்காரரிடம் காசாக மாறும். அதற்கு முன் நைரோபியிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவதென்றால் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவார்கள். தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். நோயோ வறட்சியோ வந்தபோது எம்-பெசா இல்லாத வீடுகளில் செலவழிக்கும் திறன் சுமார் 7 சதவீதம் குறைந்தது. இருந்த வீடுகளில் குறையவில்லை, உறவுக்காரர்களின் பணம் நாலா பக்கத்திலிருந்தும் உடனே வந்துவிட்டது. 2016இல் அவர்கள் சொன்ன மதிப்பீடு: 1,94,000 குடும்பங்கள், அதாவது நாட்டின் குடும்பங்களில் 2 சதவீதம், கடும் வறுமையிலிருந்து வெளியே வந்தன. பெண்கள் நடத்தும் குடும்பங்களில் பலன் இன்னும் அதிகம்.

இந்தியாவில் இதற்கு இணையாக நான் சொல்ல விரும்புவது யுபிஐ அல்ல. யுபிஐ 2016இல் வந்தது, 2023 ஆகஸ்டில் மாதத்துக்கு 1,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது, பூக்கார அம்மா ஸ்கேனரைப் பார்க்காமலே 'பத்து ரூபாய் வரவு' என்று பெட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டே மல்லியைக் கட்டுகிறார். எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைவிடப் பாடம் நிறைந்தவை ஆந்திரமும் ஜார்க்கண்டும்.

ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2010 முதல் நூறு நாள் வேலைக் கூலியையும் பென்ஷனையும் கைரேகை ஸ்மார்ட் கார்டு மூலம் கொடுத்தார்கள். ஊரிலேயே இருக்கிற ஒரு பெண், பெரும்பாலும் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர், கையடக்க இயந்திரத்தோடு வந்து பட்டுவாடா செய்வார். கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 157 மண்டலங்களில் (மாவட்டத்துக்குள் இருக்கும் சிறு நிர்வாகப் பிரிவுகள்) இதை ஆராய்ந்தார்கள். கூலி சீக்கிரம் வந்தது, வாங்கப் போகும் நேரம் குறைந்தது, நடுவில் கசிந்த பணம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. முக்கியமான ஒரு விஷயம்: கார்டு வாங்காதவருக்கும், ரேகை பதியாதவருக்கும் பழைய முறையில் காசு கொடுப்பதை அரசு நிறுத்தவில்லை.

அதே மூவர் பிறகு ஜார்க்கண்டில் ரேஷன் கடைகளை ஆராய்ந்தார்கள். அங்கே 2016 முதல் ஆதார் கைரேகை கட்டாயம். முடிவு தலைகீழ். கசிவு குறையவில்லை. அலைச்சல் கூடியது. ஏற்கெனவே ஆதாரை இணைக்காமல் இருந்தவர்களுக்குக் கிடைத்து வந்த ரேஷனின் மதிப்பு சுமார் 10 சதவீதம் குறைந்தது. ரேஷன் வாங்குகிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் நாலில் ஒரு பங்குக்கு அருகில். கல் உடைத்தும் களை எடுத்தும் தேய்ந்த விரல் இயந்திரத்தில் பதியாது, சிக்னல் இருக்காது, நாளைக்கு வா என்பார் கடைக்காரர். ஆந்திரத்திலும் இங்கேயும் பயன்பட்டது கிட்டத்தட்ட ஒரே நுட்பம். அங்கே அது காசைக் கொண்டுவந்து கொடுக்க, இங்கே ஆட்களை வடிகட்ட. மூட்டை எடை குறைத்துப் போடுவதை எந்தக் கைரேகையும் பிடிக்காது.

ஐடி வேலைவாய்ப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கேட்பார்கள். சென்னையில் 2000இல் திறந்த டைடல் பார்க் என்ற ஐடி வளாகமும் அதைத் தொடர்ந்து ஓஎம்ஆர் சாலையின் ஐடி நிறுவனங்களும் ஒரு தலைமுறையின் வாழ்க்கையை மாற்றின, முதல் பட்டதாரிகள் பலர் அப்பாவின் வருட வருமானத்தை மாதச் சம்பளமாக வாங்கினார்கள். அந்நியச் செலாவணியும் வந்தது. ஆனால் நாடு முழுக்க அதில் நேரடியாக வேலை பார்ப்பவர்கள் சுமார் 50 லட்சம் பேர், மொத்த உழைப்பாளர்கள் 50 கோடிக்கு மேல். நூற்றில் ஒருவர். வளர்ச்சி என்றால் சாஃப்ட்வேர் ஏற்றுமதி என்று நினைப்பது இந்த விகிதத்தைப் பார்க்காததால்.

கடைசியாக, இப்போது பெரிய இடைவெளி எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் பதில் கோபுரத்திலோ கேபிளிலோ இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம். ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33, ஆண்களில் 57. வீட்டில் போன் இருக்கிறது என்பது வேறு, அது யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பது வேறு.

இ-சேவை மையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். விதவை உதவித்தொகைக்கு வந்த அம்மாவின் ஆதாரில் இருப்பது மகனுடைய நம்பர். அவன் திருப்பூரில் தையல் மிஷினில் இருக்கிறான், ஷிப்டில் போனைத் தொட விடமாட்டார்கள். ஓடிபி அவனுக்குப் போகிறது, சில நிமிடத்தில் காலாவதியாகிறது. இரண்டாம் முறையும் அப்படியே. 'பையன்கிட்டப் பேசிட்டு அப்புறம் வாங்கம்மா' என்று அனுப்பிவிடுகிறார்கள். அவர் வந்த பஸ் காசும் அன்றைய கூலியும் போச்சு. எந்தப் புள்ளிவிவரத்திலும் இது வராது, விண்ணப்பமே பதிவாகவில்லையே.

இதற்கு வழி இருக்கிறது. அவர் பெயரில் ஒரு சிம் வாங்கிக்கொண்டு, ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து நம்பரை மாற்றிக்கொள்ளலாம். பழைய நம்பருக்கு ஓடிபி தேவையே இல்லை. இது பலருக்குத் தெரியாது, கவுன்டரில் இருப்பவர்கள் எல்லா நேரமும் சொல்வதும் இல்லை.